பயத்துக்கு ஆயுசு மூணு மாசம்

ஜனவரி முதல் வாரத்துல காலை அஞ்சரை மணிக்கு எங்க ஊர்ப் பக்கம் வந்து பாருங்க மக்களே. ராமேஸ்வரம் ரோட்டோரமா ஒரே நடைக்கூட்டமா இருக்கும். புது ஷூ, புது டிராக் பேண்ட், கையில புதுசா ஒரு வாட்ச். பொங்கல் வரைக்கும் தாக்குப் பிடிப்பாங்க. மாட்டுப்பொங்கல் அன்னிக்குக் கறிக்குழம்பு சாப்பிட்டுப் படுத்தா, மறுநாள் அந்த ரோட்டுல நாய்ங்க மட்டும்தான் நடக்கும். :-)

கிண்டல் பண்றதுக்காகச் சொல்லலை. இது நம்ம நாடு முழுக்க நடக்கிற கதை. 2024ல் லான்செட் குளோபல் ஹெல்த் இதழ்ல ஒரு பெரிய ஆய்வு வந்துச்சு. 2022 நிலவரப்படி இந்தியாவுல வயசுவந்தவங்கள்ல கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு உடம்புக்குத் தேவையான அசைவே இல்லை. ஆண்கள்ல நூத்துக்கு 42, பெண்கள்ல 57. தேவையான அசைவுன்னா என்னமோ மலையேறச் சொல்றாங்கன்னு நினைக்காதீங்க. உலக சுகாதார நிறுவனம் கேக்குறது வாரத்துக்கு 150 நிமிஷம் கொஞ்சம் வேகமான நடை, அதுபோக ரெண்டு நாள் தசைக்கு வேலை. ஒரு தமிழ்ப் படம் ஓடுற நேரம். அதைக்கூட ஏன் நம்மால தொடர்ந்து செய்ய முடியலைங்கிறதுதான் இந்தப் பதிவோட மேட்டர்.

முதல்ல ஊர் அறிமுகம். உச்சிப்புளி, ராமநாதபுரத்துக்கும் மண்டபத்துக்கும் நடுவுல இருக்கு. ராமேஸ்வரம் போற ரயில்ல ஜன்னலோரம் உக்காந்து பனைமரமும் சீமைக்கருவேலமுமா பார்த்துக்கிட்டே வந்திருப்பீங்களே, அந்த வரிசையில வர்ற ஒரு ஸ்டேஷன். கடற்படையோட விமானதளம் ஐ.என்.எஸ். பருந்து இங்கதான் இருக்கு. வடக்கே போனா பாக் விரிகுடா, தெற்கே போனா மன்னார் வளைகுடா. மீனவங்க வாயில அது வடகடல், தென்கடல். வடகடல் அமைதியா கிடக்கும்கிறதால பெண் கடல்னும், தென்கடல் எப்பவும் பொங்கிக்கிட்டு இருக்கும்கிறதால ஆண் கடல்னும் சொல்வாங்க. (வீட்டுக்குள்ள நிலைமை வேற மாதிரி. அதை இங்க எழுதினா எனக்குச் சோறு கிடைக்காது.)

இப்ப அப்பா கதைக்கு வர்றேன்.

அப்பா பலசரக்குக் கடை வச்சிருந்தார். காலையில ஆறு மணிக்குக் கல்லாவுல உக்காந்தா ராத்திரி ஒன்பதரைக்குத்தான் எந்திரிப்பார். சாமான் எடுத்துக் கொடுக்க ஆள் உண்டு. 1998ல் சர்க்கரை இருக்குன்னு தெரிஞ்சுது. டாக்டர் கொஞ்சம் மிரட்டித்தான் விட்டார். நடங்க, இல்லைன்னா கால் போயிரும்னு. அப்பா பயந்துட்டார். மறுநாளே நாலரை மணிக்கு எந்திரிச்சு ரயில்வே பிளாட்பாரத்துல இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடக்க ஆரம்பிச்சார். தனியாத்தான் நடப்பார். முகத்தைப் பார்த்தா ஏதோ அபராதம் கட்டப் போற மாதிரி இருக்கும். மூணு மாசம் ஒரு நாள் விடலை. மூணாவது மாசம் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் நல்லா வந்துச்சு. வீட்டுல எல்லாருக்கும் சந்தோஷம். அம்மா கேசரி கிண்டினாங்க (ஆமா, கேசரி!). அடுத்த வாரத்துலேர்ந்து நடை நின்னுருச்சு.

அப்பாவைச் சோம்பேறின்னு யாராவது சொன்னா எனக்குக் கோவம் வரும். பதினஞ்சு மணி நேரம் கடையில உழைச்ச மனுஷன். அவர் நடந்தது பயத்துல. ரிப்போர்ட் இறங்கினதும் பயம் இறங்கிருச்சு. பயம் போனபிறகு அந்தப் பிளாட்பாரத்துல அவரைக் கூப்பிட வேற ஒண்ணுமே இல்லை. 2011ல் கால்விரல் ரெண்டை எடுத்தாங்க. 2014ல் போய்ச் சேர்ந்துட்டார். கடைசி ரெண்டு வருஷம் திண்ணையில உக்காந்து ரோட்டுல போறவங்க காலையே பார்த்துக்கிட்டிருப்பார். அது என் கண்ணை விட்டுப் போகவே இல்லை.

2021 மார்ச்ல எனக்கு 42 வயசு. வெறும் வயித்துல சர்க்கரை 118. "பார்டர்ல இருக்கு"ன்னாங்க. கல்ஃப்ல 11 வருஷம் இருந்துட்டு ஊருக்கு வந்து ரெண்டு வருஷம் ஆகியிருந்த நேரம். அப்பாவைப் பார்த்து வளர்ந்ததால எனக்கு ஒரு விஷயம் நல்லாத் தெரியும்: பயத்துக்கு ஆயுசு மூணு மாசம். அந்த மூணு மாசத்துக்குள்ள, பயம் போனபிறகும் என்னை இழுத்துக்கிட்டுப் போற மாதிரி ஒண்ணைக் கண்டுபிடிச்சாகணும். இல்லைன்னா அதே திண்ணை, அதே ரோடு.

பார்டர்ல இருக்கிறவன் திரும்பி வர முடியுமான்னு கேட்டா, முடியும். அதுக்கு நம்ம சென்னையிலயே சாட்சி இருக்கு. டாக்டர் ஏ. ராமச்சந்திரனோட குழு, பார்டர்ல இருந்த 531 பேரை வச்சு ஒரு ஆய்வு செஞ்சு 2006ல் வெளியிட்டாங்க. நடையும் சாப்பாட்டு ஒழுங்கும் மட்டுமே கடைப்பிடிச்சவங்கள்ல, சர்க்கரை நோய் வர்ற வாய்ப்பு 28.5 சதவீதம் குறைஞ்சுது. மாத்திரை மட்டும் சாப்பிட்டவங்களுக்கு 26.4 சதவீதம். அதாவது மாத்திரை செய்யற வேலையை நம்ம காலே செஞ்சிரும். ஆனா மாத்திரையை முழுங்க ஒரு நிமிஷம் போதும். காலை தினமும் கிளப்பணுமே? கஷ்டம் அங்கதான்.

அந்த மார்ச் மாசம்தான் பேப்பர்ல அந்தச் செய்தி வந்துச்சு. ஹைதராபாத்தைச் சேர்ந்த சியாமளா கோலி, மார்ச் 19ஆம் தேதி தலைமன்னார்லேர்ந்து தனுஷ்கோடி வரைக்கும் கிட்டத்தட்ட 30 கிலோமீட்டர் நீந்தி வந்துட்டாங்க. 13 மணி 43 நிமிஷம். வயசு நாற்பதுகளோட கடைசி. இதெல்லாம் ஒரு பக்கம். என்னை உக்கார வச்சது அடுத்த வரி. அவங்க சின்ன வயசுலேர்ந்து நீச்சல்காரங்க இல்லை. தண்ணின்னாலே பயம். அந்தப் பயத்தைப் போக்கிக்கத்தான் சில வருஷத்துக்கு முன்னாடி நீச்சல் வகுப்புக்கே போயிருக்காங்க.

பாக் நீரிணைன்னா என் வயசுக்காரங்களுக்கு உடனே ஞாபகம் வர்றது குற்றாலீஸ்வரன்தான். 1994ல் 12 வயசுப் பையன் நீந்திட்டான்னு எல்லா வீட்டுலயும் பிள்ளைங்களைத் திட்டினாங்க. ("அவனும் உன் வயசுதானேடா!") அவருக்கு முன்னாடி மிஹிர் சென். 1966 ஏப்ரல்ல 25 மணி 36 நிமிஷத்துல தலைமன்னார்லேர்ந்து தனுஷ்கோடிக்கு வந்தார். 1964 புயல் அடிச்சு அழிச்சுட்டுப் போன தனுஷ்கோடியிலதான் கரையேறினார். அவரும் பிறவி நீச்சல்காரர் கிடையாது. சட்டம் படிக்க இங்கிலாந்து போனவர், அங்க போய்த்தான் ஒழுங்கா நீச்சல் பழகியிருக்கார்.

இவங்கல்லாம் சாதனையாளர்கள், நமக்கும் அவங்களுக்கும் என்ன சம்பந்தம்னு நீங்க கேக்கலாம். எனக்கு ஒரே ஒரு சம்பந்தம்தான் தெரிஞ்சுது. வயசான பிறகும் ஒரு உடம்பு புதுசா ஒண்ணைக் கத்துக்கும். நடை எனக்குத் தெரிஞ்சது, அதுல கத்துக்க ஒண்ணும் இல்லை. நீச்சல் தெரியாதது. கடலோரத்துல பிறந்தவன்னு பேரு, இடுப்பளவு தண்ணிக்கு மேல போனது கிடையாது. எங்க ஊர்ல கடைக்காரன் பிள்ளைக்கும் கடலுக்கும் ஒரு மைல் தூரம் எப்பவும் உண்டு.

நடுவுல கொரோனா ரெண்டாவது அலை வந்து எல்லாத்தையும் மூடிட்டாங்க. மொட்டை மாடியிலயே சுத்தினேன். 2022 மார்ச்ல அரியமான் கடற்கரைக்குப் போக ஆரம்பிச்சேன். வீட்டுலேர்ந்து சைக்கிள்ல போற தூரம்தான். சவுக்குத் தோப்பு, அதைத் தாண்டினா வடகடல். அலைன்னு சொல்ல ஒண்ணும் இருக்காது. குளம் மாதிரிக் கிடக்கும்.

எனக்குக் குரு ஒரு நாட்டுப்படகு அண்ணன். 58 வயசு. சம்பளம் எதுவும் கேக்கலை, காலையில ஒரு டீ வாங்கிக் கொடுத்தாப் போதும்னுட்டார். முதல் நாள் நான் கையையும் காலையும் போட்டு அடிச்ச அடியில, பக்கத்துல இருந்த மீனெல்லாம் இலங்கைக்கே போயிருக்கும். அண்ணன் கரையில நின்னு சிரிச்சுட்டுச் சொன்னார்: "தம்பி, தண்ணிகூடச் சண்டை போடாதீக. அது உங்களைத் தூக்கத்தான் பாக்குது. நீங்கதான் விட மாட்டேங்குறீக."

பத்து நாள் வெறும் மிதக்கத்தான் பழகினேன். பதினோராவது நாள் காது ரெண்டும் தண்ணிக்குள்ள இருக்க, வானத்தைப் பார்த்து மல்லாக்கக் கிடந்தேன். கை கால் எதுவும் அசையலை, ஆனா முழுகலை. அந்த வயசுல அப்படி ஒரு சந்தோஷம் வரும்னு நான் நினைக்கவே இல்லை. வீட்டுக்கு வந்து மூணு பேருக்குப் போன் போட்டுச் சொன்னேன். அன்னிக்கு மறந்து போன ஒண்ணு உண்டு: சர்க்கரை 118ங்கிற நம்பர்.

இதை ஆராய்ச்சிக்காரங்க வேற மாதிரிச் சொல்றாங்க. எட்வர்ட் டெசின்னு ஒரு அமெரிக்க உளவியல் அறிஞர் 1971ல் வெளியிட்ட சோதனை. காலேஜ் பசங்ககிட்ட கட்டைப் புதிர் ஒண்ணைக் கொடுத்தார். ரெண்டு கூட்டமும் ஆசையாத்தான் விளையாடிச்சு. ஒரு கூட்டத்துக்கு மட்டும் ஒவ்வொரு புதிருக்கும் ஒரு டாலர் கொடுத்துப் பார்த்தார். அப்புறம் காசை நிறுத்தினார். காசு வாங்கின கூட்டம், சும்மா இருக்கிற நேரத்துல புதிரைத் தொடுறது முன்னைவிடக் குறைஞ்சு போச்சு. விளையாட்டா இருந்தது கூலி வேலையாயிருச்சு. நம்ம எடை மிஷினும் ரிப்போர்ட்டும் அந்த டாலர் மாதிரிதான்னு எனக்குத் தோணுது. ஆரம்பிச்சு வைக்க உதவும். அதை நம்பியே ஓடினா, நம்பர் நின்ன அன்னிக்கு நாமளும் நின்னுருவோம்.

10,000 அடி நடக்கணும்னு ஒரு கணக்கு இருக்கு பாருங்க, அதையும் டாக்டர் யாரும் எழுதிக் கொடுக்கலை. 1965ல் ஜப்பான்ல அடி எண்ணுற கருவி ஒண்ணு விற்பனைக்கு வந்துச்சு. அதோட பேருக்கே "பத்தாயிரம் அடி மீட்டர்"னு அர்த்தம். விற்கறதுக்கு வச்ச பேரு இன்னிக்கு நம்ம எல்லார் கையிலயும் கட்டளை மாதிரி உக்காந்திருக்கு. 2019ல் அமெரிக்காவுல வயசான பெண்கள்கிட்ட செஞ்ச ஒரு ஆய்வுல, தினம் 4,400 அடி நடந்தவங்களுக்கே 2,700 அடி நடந்தவங்களைவிட இறப்பு விகிதம் நல்லாக் குறைஞ்சிருந்துச்சு. பத்தாயிரம் வரலையேன்னு செருப்பைக் கழட்டிப் போட்டவங்க எத்தனை பேரோ.

இனி ஆள் விஷயம்.

எங்க பக்கத்து வீட்டு மாமா ரயில்வேயில கீமேனா இருந்து ரிட்டயர் ஆனவர். தோள்ல சுத்தியலும் ஸ்பேனரும் மாட்டிக்கிட்டு, தண்டவாளத்துல சாவி தளர்ந்திருக்கா, போல்ட் ஆடுதான்னு பார்த்துக்கிட்டே கிலோமீட்டர் கணக்குல தினமும் நடக்கிற வேலை. 1953ல் லண்டன்ல ஜெர்ரி மோரிஸ்னு ஒரு டாக்டர், மாடி பஸ்ல உக்காந்தே ஓட்டுற டிரைவரையும் படி ஏறி இறங்குற கண்டக்டரையும் ஒப்பிட்டு, கண்டக்டருக்கு மாரடைப்பு கம்மின்னு காட்டினார். மாமா எங்க ஊர் கண்டக்டர். ரிட்டயர் ஆனபிறகும் அஞ்சு மணி ஆனா கால் நிக்காது அவருக்கு. நான் சைக்கிளை எடுக்கிற சத்தம் கேட்டா வாசல்ல வந்து நிப்பார். "என்னப்பு, இன்னிக்கு லேட்டு?" அவ்வளவுதான். அந்த ஒரு கேள்விக்காகவே எத்தனை நாள் நான் படுக்கையை விட்டு எந்திரிச்சிருக்கேன் தெரியுமா?

இதுவும் சும்மா சொல்றதில்லை. அதே டாக்டர் ராமச்சந்திரன் குழு 2013ல் இன்னொரு ஆய்வை வெளியிட்டுச்சு. பார்டர்ல இருந்த, வேலைக்குப் போற ஆண்கள் 537 பேர். எல்லாருக்கும் ஆரம்பத்துல ஒரே அறிவுரை. பாதிப் பேருக்கு மட்டும் செல்போன்ல அப்பப்ப எஸ்.எம்.எஸ். அனுப்பிக்கிட்டே இருந்தாங்க. ரெண்டு வருஷம் கழிச்சுப் பார்த்தா, அறிவுரை மட்டும் வாங்கினவங்கள்ல 27 சதவீதம் பேருக்குச் சர்க்கரை வந்திருந்துச்சு. எஸ்.எம்.எஸ். வந்தவங்கள்ல 18 சதவீதம். ஒரு குட்டிச் செய்திக்கே இவ்வளவு வலுன்னா, வாசல்ல நிக்கிற மாமாவுக்கு எவ்வளவு இருக்கும்?

வீட்டுக்காரம்மா கதை இன்னும் நல்லா இருக்கும். கடல்ல இறங்கி நீந்தறது எங்க ஊர்ல ஒரு பொம்பளையால லேசுல முடியற காரியம் இல்லை. மேலே சொன்ன அந்த 57க்கும் 42க்கும் நடுவுல இருக்கிற இடைவெளி என்னன்னு எனக்கு வீட்டுலயே தெரியும். சாயங்காலம் அஞ்சு மணிக்குத் தெருவுல நாலு பேர் சேர்ந்து பள்ளிக்கூடக் கிரவுண்டுக்குப் போக ஆரம்பிச்சாங்க. சேலைக்குக் கீழ ஸ்போர்ட்ஸ் ஷூ. முதல்ல எல்லாரும் பார்த்துச் சிரிச்சாங்க. இப்ப ஒன்பது பேர் போறாங்க. ஒரு நாள் நான் பெருமையா, "விடாம நடக்கிறியே"ன்னேன். "யாரு நடக்கப் போறா? பேசத்தான் போறோம். கால் அதுபாட்டுக்கு நடக்குது"ன்னு பதில் வந்துச்சு. நான் இவ்வளவு நீளமா எழுதினதை அவ ஒரு வரியில முடிச்சிட்டா. :-)

இந்தக் கரையில கரைவலை இழுக்கிறதை ஒரு தடவை நின்னு பார்த்தாலும் இது புரியும். வலையோட ரெண்டு கயித்தையும் ரெண்டு பக்கம் ஆட்கள் வரிசையா நின்னு இழுப்பாங்க. அதுக்குன்னே அம்பாப் பாட்டு உண்டு. ஒருத்தர் எடுத்துக் கொடுக்க, மத்தவங்க சேர்ந்து குரல் கொடுக்க, அந்தத் தாளத்துக்குக் கயிறு நகரும். தனியா ஒருத்தனை இழுக்கச் சொன்னா அஞ்சு நிமிஷத்துல உக்காந்துருவான். ஒண்ணு சொல்லணும், இதை அழகுன்னு பாடி வைக்க நான் வரலை. அது பொழைப்பு. மன்னார் வளைகுடாவுல பாசி எடுக்கிற பெண்கள் விரல்ல துணியைச் சுத்திக்கிட்டு மூச்சடக்கி முங்குறாங்க. அவங்ககிட்டப் போய் "உடற்பயிற்சி செய்யுங்க"ன்னா சிரிப்பாங்க. அவங்களுக்குத் தேவை ஓய்வு. பயிற்சி தேவைப்படுறது கல்லாவுலயும் கம்ப்யூட்டர் முன்னாடியும் உக்காந்திருக்கிற நமக்கு. ஆனா உழைக்கிறவங்க பாட்டையும் கூட்டாளியையும் துணைக்கு வச்சுக்கிட்டாங்க. நாம அது ரெண்டும் இல்லாமப் பல்லைக் கடிச்சுக்கிட்டு ஓடப் பார்க்கிறோம்.

சரி, நடைமுறைக்கு வருவோம். 21 நாள் செஞ்சா பழக்கமாயிரும்னு ஒரு பேச்சு உண்டு. நம்பாதீங்க. லண்டன்ல 96 பேரை வச்சுப் பார்த்த ஆய்வுல, ஒரு பழக்கம் தன்னால வர்றதுக்குச் சராசரியா 66 நாள் ஆச்சு. சிலருக்கு 18 நாள், சிலருக்கு 254 நாள் ஆகும்னு கணக்கு. நல்ல சேதி என்னன்னா, நடுவுல ஒரு நாள் விட்டதால ஒண்ணும் கெட்டுப் போகலை. அதனால ஒரு நாள் போச்சுன்னா மறுநாள் போங்க, அவ்வளவுதான்.

எனக்குக் கடல் வருஷம் முழுக்கக் கிடைக்காது. ஐப்பசி பிறந்து வாடைக்காத்து அடிக்க ஆரம்பிச்சா, குளம் மாதிரி இருந்த வடகடல் ஆளே மாறிடும். அப்ப இறங்குறது முட்டாள்தனம். அந்த மாசங்கள்ல மாமாவோட நடை. மழைன்னா மொட்டை மாடிப் படியில பத்துத் தடவை ஏறி இறங்குறது. ஒரே பயிற்சியை நம்பினா, அது நிக்கிற அன்னிக்கு எல்லாமே நின்னுரும். கைவசம் ரெண்டாவது ஒண்ணு வச்சுக்கங்க.

யாராவது கடலுக்குக் கிளம்பறதா இருந்தா மூணு விஷயம். தனியா இறங்காதீங்க. சொறி (அதாங்க, ஜெல்லி மீன்) வர்ற நாள்ல கரையிலயே இருங்க, மீனவங்களைக் கேட்டாச் சொல்வாங்க. சர்க்கரை உள்ளவங்க வெறுங்காலோட மணல்ல நடக்காதீங்க. சிப்பி கிழிச்சது வலிக்காது, தெரியவும் தெரியாது. அப்பாவுக்கு ஆரம்பிச்சதும் அப்படி ஒரு சின்னக் கீறல்லதான். நெஞ்சு வலி, மூச்சு வாங்கல் உள்ளவங்க டாக்டரைப் பார்த்துட்டுத்தான் எதையும் ஆரம்பிக்கணும்.

பலன் என்னன்னு கேப்பீங்க. அதிசயம் ஒண்ணும் நடக்கலை. கடைசியா பார்த்தப்ப சர்க்கரை 103. எடை நாலு கிலோ இறங்கி அங்கேயே நிக்குது. தொப்பை இன்னும் எனக்கு முன்னாடி கடலுக்குள்ள போகுது. ஆனா கரைக்கு இணையா, நெஞ்சளவு தண்ணியில, முதல் படகுலேர்ந்து ஏழாவது படகு வரைக்கும் நிக்காம நீந்துறேன். முதல் வருஷம் ரெண்டாவது படகே எனக்குத் தனுஷ்கோடி. எட்டாவது படகு கொஞ்சம் தள்ளிக் கட்டியிருக்காங்க. ரிப்போர்ட் எப்ப எடுக்கணும்னு மறந்துபோகுது, அந்த எட்டாவது படகு மட்டும் ராத்திரி படுக்கும்போதெல்லாம் ஞாபகம் வருது.

உங்க ஊர்ல கடல் இல்லாம இருக்கலாம். கிணறு இருக்கலாம், ஷட்டில் ஆடுற பசங்க இருக்கலாம், சிலம்பம் சொல்லிக் கொடுக்கிற பெரியவர் ஒருத்தர் இருக்கலாம், சின்ன வயசுல ஆசைப்பட்டுக் கிடைக்காமப் போன சைக்கிள் இருக்கலாம். உடம்புக்கு எது நல்லதுன்னு தேடுறதுக்கு முன்னாடி, எதைச் செஞ்சா வீட்டுக்கு வந்து மூணு பேருக்குப் போன் போடுவீங்கன்னு யோசிங்க. அப்புறம் கூட வர ஒரு ஆளைப் பிடிங்க. ஆள் கிடைக்கலைன்னா உச்சிப்புளிக்கு வாங்க. மாமா அஞ்சு மணிக்கு வாசல்லதான் நிப்பார்.